கிரீஸ் டின்னில் ஏறிய பயணி

காலை ஏழரைக்குத் தெருமுனையில் ரெண்டு விசில் கேட்டால், பஸ் என்று நினைத்து ஓடக்கூடாது. விசிலக்கா வந்திருக்கிறார் என்று அர்த்தம். நாலு சக்கரத் தள்ளுவண்டி. அதில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மண்தொட்டிகள், ரெண்டு மூட்டை மண்கலவை, ஒரு வாளித் தண்ணீர், சின்ன ரம்பம், தையற்காரர்கள் துணி வெட்டும் நீளக் கத்திரி. வீட்டில் வளர்ந்து நெருக்கடியில் திணறும் செடிகளை அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்றித் தருவது அவர் தொழில். அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டர். கழுத்தில் தொங்கும் விசில் அந்த வேலையில் மிஞ்சியது. "பென்ஷன் பாதி, விசில் பாதி, அதுதான் எனக்குக் கிடைச்சது" என்பார்.

வாடிக்கையாளர் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "அக்கா, நல்ல பெரிய தொட்டியா வச்சிடுங்க. வருஷா வருஷம் உங்களைத் தேடிட்டு இருக்க முடியாது பாருங்க."

"எட்டு வயசுப் பிள்ளைக்கு இருபது வயசு ஆளோட சட்டையைப் போட்டு அனுப்புவீங்களா? நான் தையக்காரர் பொண்டாட்டி. என்கிட்டயே அளவு சொல்றீங்க."

ரெண்டு விரல். அதுதான் அவர் கணக்கு. பழைய தொட்டியைப் புதுத் தொட்டிக்குள் வைத்தால் சுற்றிலும் ரெண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு விரல் கூடாது. வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கும், தேங்கினால் அழுகும். பெரிய மனசோடு பெரிய தொட்டி வாங்கிக் கொடுத்தே செடியைக் கொன்றவர்கள் அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

தொட்டியைச் சாய்த்து, விளிம்பைப் படிக்கல்லில் ரெண்டு தட்டு தட்டுவார். செடி முழுசாகக் கழன்று கைக்கு வரும். மண்ணே தெரியாது. வேர்தான் தொட்டியின் வடிவத்தில் பின்னிப் பின்னி நிற்கும். அடி ஓட்டை வழியாகவும் நாலு வேர் எட்டிப் பார்க்கும்.

"பாருங்க, ஃபுட்போர்டு வரைக்கும் கூட்டம். இதுல நீங்க தினம் தண்ணி ஊத்தினா யாருக்குப் போய்ச் சேரும்?"

சொல்லிக்கொண்டே கத்திரியை எடுத்து, பின்னிய வேரை நாலு பக்கமும் மேலிருந்து கீழாகக் கீறுவார். சொந்தக்காரர் அலறுவார். அக்கா அசர மாட்டார். "சுத்திச் சுத்தியே பழகின வேர். இப்படியே வச்சா அங்க போயும் அதே வட்டத்துலதான் சுத்தும். வெட்டினாத்தான் வெளிய வரும்."

அந்தக் கத்திரிக்குத் தனி வழக்கு ஒன்று வீட்டில் நடந்துகொண்டே இருக்கிறது. மாடியில் ரெண்டு அறை. முன்னறையில் கணவரின் தையல் மிஷினும் வெட்டும் மேசையும். பின்னறையில் படுக்கையும், நர்ஸ் வேலைக்குப் போகும் மகளின் சீருடைகளும். மாடிப்படி முழுக்கத் தொட்டிகள். படிக்கு ஒன்று, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. கணவர் அதிகம் பேசாதவர். பேசினால் கத்திரியைப் பற்றித்தான்.

"துணி வெட்டுற கத்திரிம்மா அது. அதுல வேரை வெட்டுறியே."

"துணி கிழிஞ்சா தைச்சுக்கலாம். இங்க கிழிஞ்சா முடிஞ்சது. அதுக்குத்தான் நல்ல கத்திரி வேணும்."

அவர் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டார். பழையதைக் கொடுத்ததாக இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முழங்கால் மடங்க மறுத்தபோது அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. ஓடும் பஸ்ஸில் நாள் முழுக்க நிற்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். டிப்போவில் அன்றைக்கு எல்லாரும் கைகுலுக்கினார்கள். ஒருவர் மட்டும் சிரித்தார். அக்காவின் பஸ்ஸைப் பதினோரு வருஷம் ஓட்டிய டிரைவர். ஊர் வைத்த பெயர் சைலன்சர். வாயை மூடவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவரிடம் இன்னொரு குணமும் உண்டு. அக்கா ஒரு விசில் ஊதி நிறுத்தச் சொன்னாலும் எந்த நிறுத்தத்திலும் சரியாக நிறுத்த மாட்டார். இருபது அடி தள்ளித்தான் நிறுத்துவார். மழையோ வெயிலோ, ஜனம் ஓடிவந்துதான் ஏற வேண்டும். பதினோரு வருஷமும் இதற்காக அக்கா அவரோடு தினம் சண்டை போட்டார். தினம் தோற்றார்.

"செடி வச்சுப் பொழைக்கப் போறியா தங்கச்சி? நல்லது. டிக்கெட் கிழிக்கத் தெரிஞ்ச கை, இலையும் கிழிக்கும்" என்று வழியனுப்பினார் அவர்.

தொழிலின் முதல் வருஷம் அக்கா கொன்ற செடிகள் பதினாலு. எல்லாம் சொந்தச் செடிகள், ஊரார் செடி ஒன்றும் இல்லை. பதினாலும் ஏன் செத்தன என்று பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஒன்பது, தண்ணீர் அதிகமாகி. மூன்று, தொட்டி பெரிதாகி. ரெண்டுக்கு இன்னும் காரணம் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்வார்.

ஏழாவது வருஷம் ஒரு திங்கட்கிழமை டிப்போ மேனேஜரிடமிருந்து போன் வந்தது. டிப்போ நாலு தெரு தள்ளிப் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பழையதைச் சனிக்கிழமை இடிக்கிறார்கள். டைம்கீப்பர் அறையில் இருக்கும் ரப்பர் செடியை நகர்த்த முடியவில்லை. அசையவே மாட்டேன் என்கிறது.

அந்தச் செடி அக்காவுக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் யாரோ ஒரு பயணி பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனது. அப்போது ஒரு முழ உயரம், காகிதத்தில் சுற்றியிருந்தது. தவறவிட்ட பொருள்களின் நோட்டில் குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு என்ற வரிசையில் "செடி ஒன்று" என்று எழுதி வைத்தார்கள். தேடி ஆள் வரவில்லை. அக்கா ஒரு காலி கிரீஸ் டின்னில் மண் நிரப்பி, அதை நட்டு, ஜன்னலோரம் தரையில் வைத்தார். அடியில் ஆணியால் நாலு ஓட்டை போடவும் மறக்கவில்லை.

அதன் பிறகு செடியை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். கடைசி டிரிப் முடிந்து கணக்குக் கொடுக்க வரும் கண்டக்டர்கள், பாட்டிலில் மிஞ்சின தண்ணீரை டின்னில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதலில் ஒருவர், அப்புறம் எல்லாரும். செடி கூரையைத் தொட்டு, அங்கிருந்து மடங்கி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

அன்றைக்கே டிப்போவுக்குப் போன அக்கா தரையில் உட்கார்ந்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே டின்னின் அடியைப் பார்த்தார். டின் துருப்பிடித்து அடிப்பாகமே இல்லை. விரல் தடிமனில் மூன்று வேர், தரை விரிசல் வழியாகக் கீழே இறங்கியிருந்தது. தினமும் அறுபது பாட்டில் தண்ணீர் போனது எங்கே என்பது அப்போதுதான் விளங்கியது. இருபத்தாறு வருஷத்தில் தொட்டிச் செடி மரமாகியிருந்தது.

"இனிமே எங்க இது பொழைக்கும்? அறுத்துத் தூக்கிப் போடு தங்கச்சி." பின்னால் சைலன்சர் நின்றிருந்தார். சுற்றிலும் ஷிப்ட் மாறும் கூட்டம்.

"பொழைக்கும்ணே."

"வேரை அறுத்தா மரம் பொழைக்குமா? தலையை வெட்டினா நீ பொழைப்பியா?"

"நான் பொழைக்க மாட்டேன். நீங்க பொழைச்சிருவீங்க. உங்களுக்கு வாய் ஒண்ணு போதும்."

கூட்டம் சிரித்தது. சைலன்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பந்தயம்! புதுக் கட்டடத்துக்குப் போய் முப்பதாம் நாள் இது உயிரோட இருந்தா, ஒரு நாள் முழுக்க உன் வண்டியை நான் தள்றேன். செத்திருந்தா அந்த விசிலைக் கழட்டி என் கையில குடுத்துடணும். தெருவுல ஊதக் கூடாது."

விசில் போனால் தொழிலே பாதி போகும். பன்னிரண்டு தெருக்களில் அந்தச் சத்தத்துக்குத்தான் கதவு திறக்கிறது. பெயர் தெரியாது, முகம் பாதிப் பேருக்கு நினைவிருக்காது, விசில் தெரியும்.

"சரி" என்றார் அக்கா. யோசிக்க எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு. டிப்போவின் வெல்டரை நடுவராக வைத்தார்கள். ரெண்டு பக்கமும் பேசாத மனிதர் அவர் ஒருவர்தான்.

மூன்று வேரையும் ஒரே நாளில் வெட்டினால் செடிக்கு அதிர்ச்சி தாங்காது. செவ்வாய்க்கிழமை ஒன்று. வெட்டின இடத்தில் பால் வடிந்தது. அடுப்புச் சாம்பலை அப்பி உலரவிட்டார். புதன்கிழமை ரெண்டாவது. அன்றைக்கே மேலே மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்தார். "கீழ சமைக்கிற ஆள் குறைஞ்சா மேல சாப்பிடுற வாயும் குறையணும்." வியாழக்கிழமை மூன்றாவது வேர். வெல்டர் தகரம் வெட்டும் கத்திரியால் டின்னைத் தோலுரிப்பதுபோல் உரித்தெடுத்தார். உள்ளே வேர் டின்னின் உருவத்தை அப்படியே எடுத்திருந்தது, அதில் பதிந்த கம்பெனி முத்திரை உட்பட. அக்கா நாலு பக்கமும் கீறினார், அடியில் ஒரு சாண் கழித்தார், டின்னைவிடச் சரியாக ரெண்டு விரல் பெரிதான மண்தொட்டியில் இறக்கினார்.

வெள்ளிக்கிழமை செடி பஸ்ஸில் போனது. படிக்குப் பக்கத்தில், கண்டக்டர் நிற்கும் இடத்தில், சீட்டுக் கம்பியோடு கட்டி நிறுத்தினார்கள். ஓட்டியவர் சைலன்சர்தான். அக்கா ரெண்டு விசில் கொடுத்தார். பந்தயத்தில் எதிராளி என்றாலும் மனிதர் அன்றைக்கு மேடு பள்ளம் தெரியாமல் ஓட்டினார். புதுக் கட்டட வாசலில் மட்டும் இருபது அடி தள்ளி நிறுத்தினார்.

அங்கே அடுத்த பஞ்சாயத்து காத்திருந்தது. திறப்புக்காக மேனேஜர் ஒரு தொட்டி வாங்கி வைத்திருந்தார். பளபளவென்று நீலம். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம்.

"இதுலதான் வைக்கணும். வாசல்ல போய்ச் சின்ன மண்தொட்டியை வச்சா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"இதுல மண்ணை நிரப்பி நட்டா ஒரு மாசத்துல அழுகிடும் சார்."

"அப்ப என் தொட்டியை நான் எங்க வைக்கிறது?"

அக்கா நீலத் தொட்டிக்குள் நாலு செங்கல் அடுக்கி, அதன்மேல் மண்தொட்டியை இறக்கி, இடைவெளியில் கூழாங்கல்லை நிரப்பினார். வெளியே பார்த்தால் மேனேஜர் தொட்டி. உள்ளே அக்கா தொட்டி. ரெண்டு பேரும் ஜெயித்தார்கள். அக்காவுக்கே தன்மேல் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ரெண்டு தரம் சொன்னார்.

பதினோராம் நாள் வெல்டர் போன் செய்தார். அவர் போன் செய்கிறார் என்றாலே விஷயம் பெரிது. "இலை மஞ்சளாகுது. இன்னிக்கு மட்டும் ஒன்பது கொட்டிடுச்சு."

அக்கா போனபோது சைலன்சர் முன்னாடியே அங்கே இருந்தார். "விசிலைக் கழுவிக் குடு தங்கச்சி, எச்சில் விசில் நான் வாங்க மாட்டேன்."

அக்கா கூழாங்கல்லில் கையை விட்டார். மணிக்கட்டு வரை தண்ணீர். சேற்றுக்குட்டை நாற்றம். செங்கல் முழுகி, மண்தொட்டியின் பாதிவரை தண்ணீர் நின்றது.

"யாரு ஊத்தினது?"

கூடியிருந்த கண்டக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்கள். கட்டடம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை. கடைசி டிரிப் முடிந்ததும் ஆளுக்கு ஒரு மடக்கு. பழைய இடத்தில் அது தரைக்குள் போனது. நீலத் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை.

"புது இடம், வாடிப் போயிருக்கேன்னு நான் ஒரு பாட்டில் கூடவே ஊத்தினேன்கா" என்றார் ஓர் இளம் கண்டக்டர். அழுதுவிடுவார் போலிருந்தது.

"உன் மேல தப்பில்லம்மா. பத்தொன்பது வருஷம் நானும் ஊத்தினவதான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." அக்கா எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஓட்டை இல்லாத தொட்டி, வாசல் இல்லாத வீடுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியிறவ நான். உள்தொட்டிக்கு ஓட்டை பார்த்தேன், வெளித்தொட்டிக்குப் பார்க்கல. தப்பு என்னோடது."



செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரையெல்லாம் கத்திரியால் கழித்தார்கள். பாதிக்கு மேல் போயிற்று. வேர் குறைந்தால் தொட்டியும் குறைய வேண்டும் அல்லவா? ரெண்டு விரல் சின்னதாக, உலர்ந்த கலவையில் மறுபடி நட்டார் அக்கா. அவர் கை எடுத்ததும் வெல்டர் டிரில்லோடு நீலத் தொட்டியிடம் வந்தார். மேனேஜர் ஓடிவந்தார்.

"யோவ், அது எவ்வளவு தூரத்துலேர்ந்து வரவழைச்ச தொட்டி தெரியுமா!"

"அவ்வளவு தூரம் வந்தது, ஒண்ணுக்குப் போக வேணாமா சார்?" என்றார் அக்கா. வெல்டர் அதற்குள் மூன்று ஓட்டை போட்டுவிட்டார்.

பாட்டில் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அக்கா கேட்கவே இல்லை. கேட்டாலும் நிற்காது என்று தெரியும். செடிக்குப் பக்கத்தில் மூடி போட்ட பீப்பாய் ஒன்றை வைத்தார். எல்லாரும் அதில் ஊற்றலாம். அதிலிருந்து எப்போது செடிக்கு எடுப்பது என்பதை வெல்டர் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து முடிவு செய்வார். மற்றவர்கள் கை வைத்தால் அவர் பேச மாட்டார். பார்ப்பார். அது போதும்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அக்கா தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கணவர் பார்த்தார். "விசில் போனா என்ன? உனக்கு இருக்கிற தொண்டைக்கு விசில் எதுக்கு?" இருபத்தைந்து வருஷ இல்வாழ்க்கையில் அவர் அடித்த நாலாவது ஜோக் அது. அக்கா சிரித்துவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டார். மறுநாள் காலை வழக்கம்போல வண்டியோடு கிளம்பினார். ரெண்டு விசில், சத்தமாகவே.

முப்பதாம் நாள் டிப்போ வாசலில் கூட்டம். செடியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நெடுகக் கம்பு. உச்சியில் மூன்றே இலை, அதில் ஒன்று பாதி மஞ்சள்.

"இதுக்கு மேல என்னத்தைப் பார்க்கிறது? குச்சி!" என்றார் சைலன்சர். "கழட்டு தங்கச்சி."

"இலை இருக்கணும்னா பந்தயம் கட்டினோம்? உயிர் இருக்கணும்னு கட்டினோம்." அக்கா கட்டைவிரல் நகத்தால் தண்டை ஒரு கீறு கீறினார். வெள்ளையாகப் பால் துளிர்த்து வடிந்தது.

"பால் வடிஞ்சா போதுமா? வெட்டிப் போட்ட கொம்பிலகூட ரெண்டு நாள் வடியும்."

அது உண்மைதான். அக்கா வெல்டரைப் பார்த்துத் தலையசைத்தார். ரெண்டு பேருமாக மண்தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அக்கா தொட்டியைச் சாய்த்தார். இப்போது கழற்றிப் பார்த்தால் பிடித்துக்கொண்டிருக்கும் வேரும் அறுந்து போகலாம். பார்க்காவிட்டால் விசில் போகும். விளிம்பில் ஒரு தட்டு. ரெண்டாவது தட்டு. மண் உதிரவில்லை. கட்டியாகக் கழன்று கைக்கு வந்தது. ஓரம் முழுக்க, அரிசி நுனி போல, வெள்ளை வெள்ளையாகப் புது வேர்.

வெல்டர் குனிந்து பார்த்தார். "உயிர்" என்றார். தீர்ப்பு அவ்வளவுதான்.

சைலன்சர் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு வேர் நுனியை விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். ஒரு முழு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் பெயருக்குப் பொருத்தமாக இருந்தார் என்று டிப்போவில் இன்றும் சொல்கிறார்கள்.

"சீக்கிரம் உள்ள வை தங்கச்சி" என்றார் கடைசியில். "காத்து படுது."

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு அவர் வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா முன்னால் நடந்தார். பத்தடி போனபிறகுதான் பின்னால் சக்கரச் சத்தம் இல்லை என்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னண்ணே, தள்ளுங்க."

"விசில் வரலையே."

அக்கா ரெண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது. மூன்றாவது வீட்டில் கதவு திறந்தது. ஒரு பெண் இடுப்பில் ஒரு தொட்டியோடு வெளியே வந்தார், அடியில் வேர் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு விசில் ஊதினார்.

வண்டி இருபது அடி தள்ளிப் போய் நின்றது.